காணாமல் போன இரண்டாவது வரி

அலுவலகத்தில் அவருக்குத் துப்பறிவாளர் என்று பெயர். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். மாத்திரை வாங்கினால் காலாவதித் தேதியைக் கடை வாசலிலேயே நின்று படிப்பார். "என்னையாவது நம்புறீங்களா?" என்று மனைவி கேட்டால், "யோசிச்சுச் சொல்றேன்" என்பார்.

சிறிய மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் மென்பொருள் அவர் பொறுப்பில் இருந்தது. குறிப்பை வரிவரியாக எழுதி அனுப்பவும், அந்தப் பக்கம் பிரித்துப் படிக்கவும் ஒன்பது வருடங்களுக்கு முன் அவரே நிரல் எழுதியிருந்தார்.

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "சார், இதுக்குன்னே மத்தவங்க எழுதிவச்ச நிரல் தொகுப்பு, லைப்ரரின்னு, ரெடிமேடா இருக்கு. ஊரே பயன்படுத்துது. நாம எதுக்குக் கையால எழுதணும்?"

"ஊரே பயன்படுத்துது சரி, உள்ள என்ன இருக்குன்னு யாரு படிச்சா? சும்மா குடுக்கறான்னாலே எனக்கு உதைக்குதும்மா."

மூன்று வாரம் உட்கார்ந்து அந்த லைப்ரரியை வரி விடாமல் படித்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. கடைசியில் பழைய குறிப்புகள் அத்தனையையும் தன் நிரலிலும் லைப்ரரியிலும் ஓட்டி ஒப்பிட்டார். நாற்பத்தொரு குறிப்புகள் ஒத்துப்போகவில்லை.

"வாம்மா, உன் லைப்ரரி மாட்டிக்கிச்சு!"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொன்றாகத் திறந்தாள். "சார், லைப்ரரி முழுசாத்தான் கொண்டுவந்திருக்கு. உங்களோடதுலதான் குறையுது."

மருத்துவர் குறிப்பை இரண்டு வரியாக எழுதியிருந்தால், அவருடைய நிரல் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. திரையில் ஒரு குறிப்பு இருந்தது. முதல் வரி: இரத்த அழுத்தம் சீராக உள்ளது. விடுபட்ட வரி: பென்சிலின் ஒத்துக்கொள்ளாது.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "நீ எதையாவது மாத்தினியா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "உங்க நிரல் கோப்போட தேதியைப் பாருங்க சார்."

ஒன்பது வருடத்துப் பழைய தேதி. அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. "தப்பாக் கேட்டுட்டேன்மா" என்று சொல்லிவிட்டு, மேலாளரிடம் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். அந்த வாரமே லைப்ரரிக்கு மாறினார்கள். இரண்டையும் ஒப்பிடும் சோதனையை மட்டும் அவர் நீக்க விடவில்லை.

நாற்பத்தொரு பேரையும் மருத்துவமனைகள் வழியாகத் தேடிப் பிடித்தார்கள். நாற்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. திரையில் பார்த்த குறிப்புக்குரிய பெண்மணி மட்டும் பென்சிலின் ஊசி போட்டதில் உடம்பெல்லாம் வீங்கி, பதினோரு நாள் படுக்கையில் கிடந்து தேறியிருந்தார். அவரிடம் இவரே தொலைபேசியில் பேசினார்.

"ஒத்துக்காதுன்னு நீங்க சொன்னது குறிப்புல இருந்துச்சும்மா. வழியில தொலைச்சது நான் எழுதின நிரல்."



"முதல் டாக்டர்கிட்டயே சொன்னேன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒருத்தரும் நம்பல. எங்க வீட்டுக்காரர் இன்னைக்கு வரைக்கும் நான் மறந்துட்டேன்னுதான் சொல்றாரு. நீங்க இப்ப சொன்னதை அப்படியே எழுதிக் குடுப்பீங்களா?"

அன்று சாயங்காலமே எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்தப் பெண்மணியின் வீட்டு முகவரிக்கு அனுப்பினார்.