மாலையிட்டு மூடிய வால்வு

எங்கள் ஆலையின் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருந்த சாலமனை அறிந்தவர்களுக்கு எழுதுகிறேன், நிர்வாகமும் படிக்கட்டும். என் குற்றச்சாட்டுகள்:

1. ஆயுத பூஜை, 1974: சாலமன் விடுப்பிலிருந்தபோது ஃபிளேரின் காப்பு வாயு வால்வை மேலாளர் மூடச் செய்தார்.
2. விஜயதசமி: குழாயிலுள்ள காற்றை முதலில் வெளியேற்ற வேண்டுமென்று சாலமன் மன்றாடினார். "நல்ல நேரம் போயிடும்" என்று சுடரேற்றி வாயுவைத் திறந்தார்கள்.
3. ஐப்பசிக் கடைசி: விசாரணை அறிக்கை, "சாலமனின் கவனக்குறைவு" என்றது.

விஜயதசமி காலையில் இரும்புலியூரில் என் வீட்டு ஜன்னல்கள் அதிர்ந்தன. கோயில் வேட்டு என்றாள் மனைவி. சற்று நேரத்தில் ஃபிட்டர் முனுசாமி சைக்கிளில் வந்து நின்றார். "ஃபிளேரு கிழிஞ்சிடுச்சி சார். பூஜைக்கு நின்னவங்கள தொரத்திக்கினு இருந்தாரு சாலமன் சாரு. அவரு மட்டும் வரல."

ஆலையின் மிச்ச வாயுவை உயரத்தில் எரிக்கும் குழாய்தான் ஃபிளேர். ஆலை நின்றாலும் அதற்குள் சிறிதளவு காப்பு வாயு மேல்நோக்கிப் போய்க்கொண்டேயிருக்க வேண்டும். நின்றால் வெளிக்காற்று உச்சி வழியே உள்ளே இறங்கும். சத்தமிருக்காது, வாசனையிருக்காது. அடுத்து யாராவது நெருப்பு வைக்கும்வரை அது காத்திருக்கும்.

முந்தைய ஆண்டும் இதே பூஜை. எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனமிட்டு ஓய்வு கொடுத்தபின், முனுசாமி காப்பு வாயு வால்வுக்கும் மாலையுடன் வந்தார்.

"இன்னா முனுசாமி, இதுக்கும் லீவா?" என்றார் சாலமன்.

"மேனேஜர்தான் சார். சாமி நாள்ல இது மட்டும் இன்னாத்துக்கு ஓடிக்கினு கீதுன்னு கேட்டாரு."

"மாலையப் போடு, பொட்டும் வை. திருகாத. மூச்சு விடறதுக்கு யாராவது லீவு எடுப்பாங்களா?"

முனுசாமி சிரித்துவிட்டார். மேலாளர் சிரிக்கவில்லை. பூஜை முடிந்து கடைசி ஆள் வெளியேறும்வரை சாலமன் அந்த வால்வின் அருகிலேயே நின்றார். என்னிடம் சொன்னார்: "நான் இல்லாத வருஷம் மூடிடுவாங்க சார்."

விசாரணை அறிக்கையின் நகலை சாலமனின் மனைவி என்னிடம் நீட்டினார். பள்ளி ஆசிரியை, சொற்களின் எடை அறிந்தவர். "இது அவரா அண்ணா?" என்று மட்டும் கேட்டார்.

சாலமனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, யார் முறைத்தாலும் நகராத அந்த நிற்றலைத்தான்.

மேலாளர் அவர்களே, பொங்கலுக்கு ஆலை மீண்டும் நிற்கப்போகிறது. பழுதுபார்த்த ஃபிளேரின் அந்த வால்வை இன்றும் யார் கையும் மூடிவிடலாம். அறிக்கையிலிருந்து "கவனக்குறைவு" என்ற சொல்லை நீக்குவீர்களா, வால்வையும் திறந்தபடியே பூட்டுவீர்களா என்பதற்கு மார்கழி இருபதாம் நாளுக்குள் உங்கள் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான பதில் எனக்கு வந்து சேர வேண்டும்.