மூன்று மிதி பிரேக்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் சில பட்டறைகளுக்கு நானும் என் மனைவியும் மதியச் சாப்பாடு கொண்டுபோகிறோம். எங்கள் வேன் பழையது. பிரேக்கை மூன்று முறை மிதித்தால்தான் நிற்கும். எனக்கு அது பழகிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது, பட்டாபிராமில் குறுக்கே வந்த ஒரு மாட்டுக்கு ஒரு சாண் தள்ளி வண்டி நின்றது. மாடு கண்டுகொள்ளவில்லை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நேரா மெக்கானிக்கிட்ட விடுங்க."

திருமழிசை மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். "இன்னா சார், ஆயில் பூரா பிரேக் ஷூ மேல ஒழுகிக்கினு கீது. அப்புறம் எப்டி புடிக்கும்?"

ஆயில் ஒழுகிய பிரேக் சிலிண்டரையும் நனைந்த ஷூவையும் மாற்றி, புது ஆயில் ஊற்றினார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். "அமுக்கு சார்... அப்டியே புடி... இப்ப உடு!" என் கால் மரத்துப்போனபோது பெடல் கல்லாக நின்றது.

மூவரும் ஓட்டிப்பார்க்கக் கிளம்பினோம். பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தேன். வேன் நின்ற வேகத்தில் காலிப் பாத்திரங்கள் கடகடவென்று முன்னால் உருண்டு வந்தன.

"மெதுவா சார்!" என்று மெக்கானிக் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. லைசென்ஸ் இருந்தும் அந்த வேனைத் தொடாதவள், "இறங்குங்க, நான் ஓட்டுறேன்" என்றாள். மெக்கானிக்கைப் பட்டறையில் இறக்கிவிட்டு, வீடுவரை அலுங்காமல் ஓட்டிவந்தாள். இப்போதெல்லாம் பக்கத்து இருக்கைதான் எனக்கு.