குளிரறை மணி

அறுபதுகளில் மன்னார்புரத்தில் ஒரு மீன் வியாபாரியின் குளிரறைக்கு வயரிங்கும் பராமரிப்பும் என் பொறுப்பு. கதவு சாத்திக்கொண்டால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அழுத்த ஒரு பொத்தான், வெளியே மணி, அதற்குத் தனி பேட்டரி. விதிப்படி தினமும் மாலையில் நானே உள்ளே போய் அழுத்திப் பார்ப்பேன்.

"ஆரம்பிச்சிட்டாருப்பா பூசையை" என்று கூலியாட்கள் சிரிப்பார்கள்.

ஒருநாள் ஸ்ரீரங்கத்தில் வேறு வேலை. நான் போகவில்லை. அன்று மாலையும் மணி அடித்ததாம்.

"என்னப்பா, இன்னிக்கு நிறுத்தவே மாட்டேங்கிறாரு?"

"சார் டெஸ்ட் பண்றாருங்க. டீயைக் குடிங்க."

மணி நின்றதும் எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். சுமை தூக்கும் மாரிமுத்து, பொத்தானுக்குக் கீழே உட்கார்ந்தபடி இறந்திருந்தார். வெளியே மீன் இறக்கிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிடப் பொத்தானை அழுத்தினேன். மணி கணீரென்று அடித்தது. ஒருவரும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை; பழக்கியவன் நான்.