கயிறில்லாத மெஷின்

என் மனைவியின் அண்ணனுக்கு இரண்டு விசுவாசங்கள் உண்டு. ஒன்று நீல நிறக் கம்பெனி. மற்றது டூ ஸ்ட்ரோக் என்ஜின். மன்னாரில் அவர் அவுட்போட் மெஷின்கள் திருத்திய காலத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வள்ளத்தின் பின்னால் பூட்டியிருந்தது நீலக் கம்பெனியின் டூ ஸ்ட்ரோக். மெல்பேர்ணுக்கு வந்து, குளிர்காலங்களில் மலை மேல் ஒரு விடுதியில் ஸ்னோமொபைல் திருத்தப் போன பிறகுதான் இரண்டும் பிரிந்துபோன செய்தி அவருக்குத் தெரியவந்தது. பனியில் ஓடும் வண்டிகளில் நீலக் கம்பெனியிடம் இருந்தது ஃபோர் ஸ்ட்ரோக் மட்டும். டூ ஸ்ட்ரோக் வேண்டுமானால் மஞ்சள் கம்பெனியிடம் போக வேண்டும். தன் கட்சி தன் கொள்கையை எதிர்க்கட்சிக்குக் கொடுத்துவிட்டதைத் தேர்தல் முடிந்த பிறகு அறிந்த வாக்காளரின் நிலை அவருடையது.

ஸ்னோமொபைலைப் பார்க்காதவர்களுக்கு: மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்சக்கரத்தின் இடத்தில் அகலமான ரப்பர் பட்டியும் பூட்டினால் ஏறக்குறைய அதுதான். அந்த விடுதிக்குக் குளிர்காலத்தில் கார் போகாது. விருந்தினர்கள் காரைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து போவார்கள். அவர்களுடைய பெட்டிகளையும், விடுதிக்கு வேண்டிய பாண் ரொட்டியையும் பாலையும் சறுக்கு வண்டியொன்றில் கட்டி ஸ்னோமொபைல் இழுத்துக்கொண்டு போகும். விடுதியிலிருந்த பழைய மெஷின் மஞ்சள். அதன் கைப்பிடிக்கு நடுவே மச்சான் புனித அந்தோனியாரின் படத்தை ஒட்டியிருந்தார். நீல மெஷினுக்கு அது தேவைப்படாது என்பது அவர் கருத்து.

போன ஓகஸ்டில் அந்தோனியாரும் கைவிட்டார். மெஷின் நின்றது நின்றதுதான். விடுதியின் மானேஜர், அதிகம் பேசாத ஒரு பெண், மச்சானிடம் இரண்டு விஷயங்கள் சொன்னார். புது மெஷின் ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்கலாம், ஏன் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். மற்றது, அந்த மெஷினைப் பொறுப்பெடுக்க ஒருவரை வருடம் முழுவதற்கும் நிரந்தரமாக வைக்கப்போகிறார். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பிறகு ஆளை முடிவு செய்வார்.

மச்சானுக்கு ஐம்பத்தேழு வயது. குளிர்காலம் தவிர்ந்த மாதங்களில் மெல்பேர்ண் புறநகரான ட்ருகனினாவின் களஞ்சியசாலைகளில் ஃபோர்க்லிஃப்ட் திருத்துகிறார். அது ஏஜென்சி வேலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் குறுஞ்செய்தி வரும். இன்று வேலை இருக்கிறது, அல்லது இல்லை. ஏழு வருடமாக அந்தச் செய்தி வந்த பிறகுதான் அவர் வீட்டில் சோறா பாணா என்று முடிவு செய்கிறார்கள்.

அவர் எங்கள் குசினிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீர் பேப்பர்காரன். ஒரு பக்கம் எழுத உமக்கு எவ்வளவு நேரம் செல்லும்?”

கொழும்பில் பதினாறு வருடம் பத்திரிகை வேலை பார்த்தவன் நான். இப்போது பார்சல்களுக்கு விலாசம் சரிபார்க்கிறேன். ஆனால் குடும்பத்தில் என் பதவி மாறவில்லை.

“எழுத அரை மணித்தியாலம், மச்சான். எந்த மெஷின் எண்டு நீங்கள் சொல்லோணும்.”

“அதுதானே பிரச்சினை.”

“நீலத்தை எழுதினாக் கயிறில்லை, மஞ்சளை எழுதினா மானமில்லை. அப்பிடித்தானே அண்ணை?” என்றாள் என் மனைவி.

“நீ வெங்காயத்தை வெட்டு.”

கயிறு என்பது ஸ்டார்ட் பண்ண இழுக்கும் கயிறு. டூ ஸ்ட்ரோக்கில் அது இருக்கும். பற்றரி செத்தாலும் இழுத்துக் கிளப்பலாம். பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் பொத்தான் மட்டும்தான். கயிறில்லாத மெஷினை நம்பிக் கடலுக்குப் போகக்கூடாது என்பது மச்சானின் சட்டம். மலைக்குப் போகலாமா என்று சட்டத்தில் சொல்லப்படவில்லை.

மலையடிவாரப் பட்டணத்திலிருந்த வியாபாரி இரண்டு நிறங்களையும் விற்றார். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு நீல ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஒரு மஞ்சள் டூ ஸ்ட்ரோக்கும் பரீட்சைக்குத் தருவதாகச் சொன்னார். குறிப்பெடுக்க நானும் போனேன். என் வாழ்நாளில் அப்படிக் கம்பளி உடுப்பு அடுக்கி உடுத்ததில்லை. குனிந்து சப்பாத்துக் கட்ட முடியவில்லை. மச்சான் கட்டிவிட்டார்.

முதலில் மஞ்சள். மச்சான் கயிறை ஒரு தரம் இழுத்தார், கிளம்பியது. நீலப் புகை எழுந்தது. அவர் அதற்குள் முகத்தை நீட்டி மூச்சை இழுத்தார். நான் கொப்பியில் எழுதினேன்.

“என்ன எழுதினீர்?”

“புகை கூடுதல். நாத்தம்.”

“நாத்தமெண்டு எழுதாதேயும். மணமெண்டு எழுதும்.”

“விருந்தாளியின்ர பெட்டியில அடிச்சா அது நாத்தம்தான், மச்சான்.”

அது உண்மை. சறுக்கு வண்டி மெஷினுக்குப் பின்னால் வருவதால் புகை முழுவதும் பெட்டிகள்மேல்தான் படியும். முந்திய வருடம் ஒரு பெண், தன் உள்ளுடுப்புகள் ஒரு வாரம் பெற்றோல் நிலையம்போல் மணத்ததாக மானேஜரிடம் முறையிட்டிருந்தார். ஆனால் மெஷின் இலேசானது. பாதையை விட்டு மெத்தைப் பனியில் இறங்கியபோதும் மிதந்துகொண்டே போனது. ஒரு தரம் வேண்டுமென்றே புதைத்தார். இறங்கி, பின்பக்கத்தைத் தனியாகத் தூக்கித் திருப்பி, ஏறிக்கொண்டு வந்துவிட்டார். சறுக்கு வண்டியைச் சுமையோடு பூட்டி இறங்கியபோதுதான் குறை தெரிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்தால் என்ஜின் பிடிக்காது, வெறுமனே உருளும். பின்னாலிருந்த சுமை தள்ளத் தள்ள, கார் நிறுத்துமிடத்துக்கு அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்து சேர்ந்தார்.

பிறகு நீலம். மச்சான் ஒரு தரம் சுற்றி வந்தார்.

“எங்க கயிறு?”

“இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“தெரியும். எண்டாலும் பாக்கத்தானே வேணும்.”

பொத்தானை அமத்தினார். கிளம்பியதா என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு சத்தமில்லை. விடிய ஆறு மணிக்குப் பாண் கொண்டுபோனால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். புகையில்லை. எண்ணெய் குடிக்கவில்லை. இறக்கத்தில் என்ஜின் சுமையைப் பிடித்துவைத்துக்கொண்டு, கிழவியைக் கைபிடித்து இறக்குவதுபோல் மெல்ல இறங்கியது. மச்சானின் முகத்தில், மகளைப் பெண்பார்க்க வந்தவன் நல்லவனாகவும் இருந்துவிட்டான் என்று கண்ட தகப்பனின் திருப்தி.

சறுக்கு வண்டியைக் கழற்றிவிட்டு, அந்தத் திருப்தியோடு பாதையை விட்டு இறங்கினார். முப்பது அடி போனார். மெஷின் மூக்கை மேலே வைத்துக்கொண்டு இருக்கை மட்டத்துக்கு இறங்கி நின்றது.

ஆஸ்திரேலியாவின் பனி ஈரமானது. அரைத்த உளுந்துபோல் பிடித்துக்கொள்ளும். அந்த மெஷின் முந்நூறு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். மச்சான் தூக்கிப் பார்த்தார். நானும் அவரும் தூக்கிப் பார்த்தோம். சமையற்காரர் ஏப்ரனோடு வந்தார். மானேஜர் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்: புதைந்தது, பத்து ஐம்பது.

மச்சான் தூக்குவதை நிறுத்திவிட்டு விடுதியின் பின்பக்கம் போனார். பாதையின் ஓரம் அடையாளத்துக்கு நடும் உருண்டையான மரக்கம்புகள் ஐந்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மெஷினுக்கு முன்னால் பனியை மிதித்து இறுக்கச் சொன்னார். மிதித்தோம். வண்டியை ஒரு பக்கம் சாய்த்துக் கம்புகளைக் குறுக்கே செருகினார். முன்னால் கயிறு கட்டினார். மணலில் வள்ளம் ஏற்றுகிற அதே முறை. கம்பின் மேல் உருட்டி, பின்னால் விடுபடுகிற கம்பை எடுத்து முன்னால் போட வேண்டும்.

வள்ளம் ஏற்றும்போது ஒருவர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். மச்சான் சொன்னார். தமிழில்தான் சொன்னார்.

“இப்ப இழு. விடு. விடு எண்டிறன். கம்பை எடு, முன்னுக்குப் போடு. இப்ப இழு.”

சமையற்காரர் இழுத்தார். மானேஜர் கம்பை எடுத்து முன்னால் போட்டார். என்ன மொழி என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினொன்று பத்துக்கு மெஷின் பாதையில் நின்றது. மச்சான் தன் முதலாளியைப் பத்து நிமிடம் ‘எடு, போடு’ என்று ஒருமையில் அதட்டியிருப்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதை நான் எழுதவில்லை.

பின்னேரம் விடுதியின் சாப்பாட்டறையில் உட்கார்ந்து அறிக்கையைத் தொடங்கினோம். அவர் மன்னாரில் தொடங்க விரும்பினார். நான் வெட்டினேன்.

“முதல் வரியிலயே முடிவைச் சொல்லோணும், மச்சான்.”

“முடிவு எனக்கே தெரியாது. ரெண்டிலயும் நல்லது கெட்டது இருக்கெண்டு எழுதி விடுவம்.”

முடிவு சொல்லாத எழுத்துக்கு எங்கள் அலுவலகத்தில் தலையங்கம் என்று பெயர். அதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி குறிப்புகளைப் படித்தாள். “டூ ஸ்ட்ரோக் எண்டா அடிக்கடி பிஸ்டன் மாத்தோணும். ஃபோர் ஸ்ட்ரோக் எண்டாப் புதைஞ்சா இழுக்கோணும். ரெண்டுக்கும் அண்ணை வேணும். எதை எழுதினாலும் வேலை உங்களுக்குத்தான், பயப்பிடாதேங்கோ.”

“அப்பிடிக் கணக்குப் பாத்து எழுதக்கூடாது,” என்றார் மச்சான். “எந்த மெஷின் நல்லதெண்டுதான் மானேஜர் கேட்டவ. எனக்கு எது நல்லதெண்டு கேக்கேல்லை.”

ஞாயிற்றுக்கிழமை, உதிரிப்பாகங்கள் எவ்வளவு நாளில் வரும் என்று உறுதிப்படுத்த வியாபாரிக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் மஞ்சளுக்கு மூன்று நாள் என்றார். நீலத்துக்குத் தயங்கினார். நீலக் கம்பெனி பனி மெஷின் செய்வதை நிறுத்துகிறது. நாங்கள் ஓட்டியது கையிருப்பில் கடைசி. சில வருடங்களுக்குப் பாகங்கள் கிடைக்கும், அதன் பிறகு தெரியாது என்றார்.

மச்சான் முன் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“ஆர் சொன்னது?”

“வியாபாரி.”

“அவன் மஞ்சள்காரன்.”

“ரெண்டையும் விக்கிறவர், மச்சான்.”

ஒரு வாய்ச்சொல்லை வைத்துச் செய்தி போடக்கூடாது என்று நான்தான் அவருக்கு முன்பு பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை எனக்கே திருப்பிச் சொன்னார். நியூ சவுத் வேல்ஸ் மலைப்பக்கத்து வியாபாரி ஒருவரின் இலக்கத்தைத் தேடி எடுத்து, தானே கதைத்தார். அதிகம் கதைக்கவில்லை. ரெலிபோனை வைத்துவிட்டு, “ஓமாம், நிப்பாட்டுறாங்களாம்” என்றார். தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுபோய்க் கழுவினார். எங்கள் வீட்டில் அவர் கோப்பை கழுவியதை அதற்கு முன் நான் கண்டதில்லை.

“சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணை,” என்றாள் என் மனைவி. குரலில் செத்தவீட்டு மரியாதை.

“பசியில்லை.” பிறகு என்னைப் பார்த்தார். “கடல் மெஷின் நிப்பாட்டமாட்டாங்கள்தானே?”

“அதை நான் கேக்கேல்லை.”

“கேக்க வேண்டாம்.”

பிறகு கதிரையை மேசைப் பக்கம் இழுத்தார்.

“எழுதும். இந்த வேலைக்கு ஃபோர் ஸ்ட்ரோக்தான். சுமையோட இறங்கேக்க டூ ஸ்ட்ரோக் ஆளைக் கொல்லும். ஃபோர் ஸ்ட்ரோக்கெண்டாப் பெட்டியும் மணக்காது. மஞ்சள் கம்பெனியிலயும் ஃபோர் ஸ்ட்ரோக் இருக்கு. அதை வாங்கச் சொல்லி எழுதும்.”

கொள்கையும் போயிற்று, கட்சியும் போயிற்று. ஐந்து நிமிடத்தில் அறிக்கை முடிந்தது. பாதையை விட்டு இறங்கக்கூடாது, இறங்கினால் ஐந்து கம்புகளும் நான்கு ஆட்களும் வேண்டும் என்பதையும் சேர்த்தோம்.

“இன்னும் ஒண்டு,” என்றார். “அந்த என்ஜினை நான் ஒருநாளும் கழட்டினதில்லை. கொம்பியூட்டர் பூட்டித்தான் பிழை பாக்கோணும். எனக்கு அது தெரியாது. அதையும் எழுதும்.”

“மச்சான், அதை ஏன்?”

“உண்மைதானே?”

“உண்மைதான். ஆனா அவ கேக்கேல்லை. இதைப் பாத்தா, தெரிஞ்ச ஒருத்தனை எடுத்திடுவா.”

பதினாறு வருடம் மற்றவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று கேட்டுக் குறிப்பெடுத்த நான்தான் இதைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்து பேனையை வாங்கி, தன் ஆங்கிலத்தில், கடைசி வரியைத் தானே எழுதினார். எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. நான் தொடவில்லை.

பதினொரு நாள் பதிலில்லை. அந்த நாட்களில் மச்சான் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவியும் அந்த வரிக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல் கறியில் உப்பைக் குறைத்தாள். பன்னிரண்டாம் நாள் மானேஜர் மச்சானுக்கு ரெலிபோன் எடுத்தார். மஞ்சள் ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குகிறார். வேலை நிரந்தரம். ஆனால் முதலில் மஞ்சள் கம்பெனி நடத்தும் ஐந்து நாள் பயிற்சிக்குப் போக வேண்டும்.

போனார். மாணவர்களில் அவர்தான் மூத்தவராம். திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு மஞ்சள் தொப்பியோடு வந்தார். குசினிக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. கொம்பியூட்டரை எப்படிப் பூட்டுவது, எந்த எண்ணுக்கு எந்தப் பிழை என்று என் மனைவிக்கு விளக்கினார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. டூ ஸ்ட்ரோக் எல்லாம் பழைய காலத்துச் சாமான், சத்தம்தான் கூடுதல் என்றார்.

“அப்ப நீலம், மச்சான்?” என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

“அதுகளும் பரவாயில்லை,” என்றார். “ஆனா எங்கட மெஷின் மாதிரி வராது.”