மூடிய குப்பை மேட்டைத் தோண்டியபோது

பழைய குப்பை மேட்டைத் தோண்டிப் பார்க்கிற வேலையில், கை கழுவாமல் மூக்கைக்கூடச் சொறிய முடியாது. நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். மூடிவிட்ட குப்பைக் கிடங்குகளுக்குப் போய் மண்ணும் தண்ணீரும் எடுத்து, பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு அதனால் கெடுதல் உண்டா என்று பார்த்து எழுதித் தருவது என் பிழைப்பு. சொந்த ஊர் களமருதூர் என்பதால் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மேடு ஒன்றை என் தலையில் கட்டினார்கள். வெயிலில் நின்று, போகிற இடமெல்லாம் பேச்சு வாங்கி வேலை பார்ப்பவர்களா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

சுண்ணாம்புக் கோடு

முதல் நாள் மேட்டைச் சுற்றி டேப் பிடித்து, குச்சி நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டோம். கோடு போட்டு முடிப்பதற்குள் பின் தெருவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஆதார் ஜெராக்ஸோடு வந்து நின்றுவிட்டார்கள். பட்டா கொடுக்கத்தான் அளக்கிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“பட்டா இல்லீங்க. மண்ணுல, தண்ணியில விஷம் கலந்திருக்குதான்னு பாக்க வந்திருக்கோம்” என்றேன். முன்னால் நின்ற பெண் ஜெராக்ஸை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு சொன்னாள்: “விஷம் கீதோ இல்லியோ, நாங்க இங்க கீறோம் மேடம். அதையும் ஒரு ஓரமா எழுதிக்குங்க.”

ஊசி

மண்ணைத் துளைத்து எடுக்க என்னோடு வந்தவர் ஏழுமலை. வெள்ளிமலைக்காரர். காலை முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வருவார். அதிகம் பேச மாட்டார். மூன்றாவது குழியில் பாலிதீன் பையும் பழந்துணியும் சுற்றிக்கொண்டு துளைப்பான் நின்றுவிட்டது. அதைக் கையால் பிய்த்தவர் சட்டென்று கையை உதறினார். துணிக்குள் மருந்துப் புட்டிகள், ஊசிகள்; ஒன்று அவர் விரலில் ஏறியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி கழித்துப் போட்டதோ, வீட்டுக் குப்பையோடு சேர்ந்து கிடந்திருக்கிறது.

தடித்த கையுறை ஜீப்பில்தான் இருந்தது. வேர்க்கிறது என்று அவர் மெல்லிசுக் கையுறையே போதும் என்றபோது சரி என்று விட்டவள் நான். பெரியாஸ்பத்திரிக்கு நானே ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனேன். தடுப்பூசி போட்டு, ரத்தம் எடுத்து, சில மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்து, கடைசியில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதுவரை அவர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னது இவ்வளவுதான்: “மலையில பாம்பு கடிச்சாக்கூட இன்னா பாம்புன்னு தெரியும் மேடம். இது யாருக்குப் போட்ட ஊசின்னே தெரியலியே.”

டீ

மேட்டுக்குத் தாழ்வான பக்கத்தில் ஆரோக்கியமேரி அக்காவின் டீக்கடை. வூட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் டீ, இட்லி, குடிக்கிற செம்பு எல்லாம். இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுப்பார். நாங்கள் அங்கேதான் குடித்தோம்.

நாலாம் நாள் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தேன். கூடத்துக்கு அனுப்ப வேண்டிய பாட்டிலை நிரப்பிவிட்டு, மிச்சத்தில், தண்ணீரில் கலந்திருப்பதை அங்கேயே அளந்து காட்டும் கைமீட்டரை விட்டால், தெருவில் வேறெந்தக் கிணற்றிலும் காட்டாத அளவு காட்டியது. முகர்ந்து பார்த்தேன். லேசாகப் பெயிண்ட் நெடி. முடிவு வரும் முன்னால் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் சட்டம். வாளியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதற்குள் அவர் பேரப்பிள்ளைக்குச் செம்பில் மொண்டு கொடுத்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. “அக்கா, ரிசல்ட் வர்ற வரைக்கும் இந்தத் தண்ணியக் குடிக்கவும் வேணாம், சமைக்கவும் வேணாம்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் செம்பைப் பிடுங்கிக் கொட்டினார். முகம் சிவந்துவிட்டது. “மூணு நாளா இஞ்சி டீ நல்லாக் கீதுக்கான்னு குடிச்சீங்களே, அது இன்னா தண்ணின்னு நெனச்சீங்க?”

டிராக்டர்

பெயிண்ட் நெடி எங்கிருந்து வந்தது என்பதற்குக் குழிகளில் விடை இல்லை. தினமும் ஒரு பெரியவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்து எங்களைப் பார்த்துக்கினு இருப்பார். பெயர் கலியன். அந்தக் காலத்தில் இதே மேட்டுக்குக் குப்பை டிராக்டர் ஓட்டியவர். நான் போய்ப் பேசியபோது, “என் பேர எழுதுவியாம்மா?” என்று கேட்டார். எழுத மாட்டேன் என்றேன். அதனால்தான் இங்கே கலியன்; அவர் உண்மைப் பெயர் அது இல்லை.

மறுநாள் சொல்லாமல் வந்து மேட்டின் மேல் ஏறினார். கருவேலங்கூட முளைக்காத ஒரு மொட்டை இடத்தில் நின்று செருப்பால் தட்டிக் காட்டினார். ஏதோ கம்பெனியின் லாரி கொண்டுவந்த டிரம்களை அங்கே புதைத்தாராம். ஆறடியில் முதல் டிரம்மின் துருப்பிடித்த விளிம்பு தெரிந்தது. வேலையை நிறுத்தி, அதற்கென்று பழகிய ஆட்களை வரவழைத்தோம். டிரம்முக்குள் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கினே சொன்னார்: “இன்னா கீதுன்னு கேட்டிருக்கணும்மா. எங்க கொட்டணும்னு மட்டும் கேட்டேன்.”

ஒரு வார்த்தை

முடிவு வந்தது. மேரி அக்கா கிணறும், அதற்குக் கீழே இன்னும் இரண்டு கிணறுகளும் குடிக்க ஆகாதவை. டிரம்மில் இருந்த, பெயிண்ட் கரைக்கிற கரைப்பான்தான் கசிந்திருந்தது. எங்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தவர்கள் கூட்டிய கூட்டத்தில் ஓர் அதிகாரி என் அறிக்கையைப் புரட்டி, “‘குடிக்க ஆகாது’ன்னு போட்டா நாளைக்கே ரோட்ல உக்காந்துடுவாங்கம்மா. ‘தொடர்ந்து கவனிக்க வேண்டியது’ன்னு மாத்திடலாமே” என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். எனக்கும் பயம்தான், அடுத்த வேலை இவர்கள் கையில்தானே. கைமீட்டரைப் பார்த்த அன்றைக்கே நான் வாயை விட்டதும் எங்கள் மேலாளருக்குத் தெரிந்திருந்தது. அவர் என்னைக் காட்டிக்கொடுப்பார் என்று காத்திருந்தேன்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அமைதியாகச் சொன்னார்: “மாத்திடலாம் சார். கீழ உங்க கையெழுத்தையும் போட்டுக் குடுத்துடுங்க.”

குழாய்

வார்த்தை மாறவில்லை. முதலில் தண்ணீர் லாரி வந்தது, அப்புறம் குழாய் வந்தது. டிரம்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். மண் சரியாக இன்னும் வருஷங்கள் ஆகும் என்பதையும் எழுதியிருக்கிறேன். மேரி அக்கா கடை இரண்டு மாதம் மூடிக் கிடந்து திறந்தது. போன மாதம் போனபோது சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி, டம்ளரை என் முன்னால் வைத்துச் சொன்னார்: “குழாத் தண்ணிதான், குடி. இதுலயும் மீட்டர வுட்டுப் பாத்தீன்னா இந்தப் பக்கமே வராத.”

இந்தத் தொழிலில் நல்ல சேதி சொல்லும் பாக்கியம் எங்களுக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை. கெட்ட சேதியைக் கொஞ்சம் முன்னாலேயே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.