கிட்டங்கியில் ஒருவரும் உட்காரவில்லை

உமி பறக்கிற வெளிச்சத்தில்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. கூரையில் நாலைந்து இடத்தில் கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியே இறங்கும் வெயிலில் உமித்தூள் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும். அதற்குள் கையை நீட்டினால் கை பொன்னாகும், எடுத்தால் பழைய கை. நீட்டுவதும் எடுப்பதுமாக ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விடும். அப்போது எனக்கு ஏழு வயது.

புதுவயலில் ஒரு ரைஸ் மில்லை ஒட்டி நின்ற பழைய கிட்டங்கி அது. மூட்டை அடுக்கும் இடம். மில்லுக்குச் சொந்தக்காரரான ஆச்சி, அங்கே வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அதை ஒழித்துக் கொடுத்திருந்தார். ஆச்சி காரைக்குடியில் இருந்தார். நாங்கள் ஒருவரும் அவரைப் பார்த்ததில்லை. பார்க்காததனாலேயே அவர் மில் முழுக்க இருந்தார், அவித்த நெல்லின் மணம் மாதிரி. லாரியை நிழலில் நிறுத்த வேண்டுமா, களத்தில் இன்னொரு குவியல் காயப்போட வேண்டுமா, வாட்ச்மேன் முதலில் கேட்பது "ஆச்சி சொன்னாகளா?" என்றுதான்.

கரும்பலகை மாட்டச் சித்தி ஓர் ஆணி கேட்டாள்.

"ஆணிதானே டீச்சர், ஒண்ணுக்கு ரெண்டா அடிச்சுத் தாரேன். ஆச்சி ஒரு வார்த்தை சொல்லிட்டாகன்னா போதும்."

காரைக்குடிக்குப் போய் ஓர் ஆணிக்கு யார் வார்த்தை வாங்கி வருவது? கரும்பலகை கடைசிவரை சுவரில் சாய்ந்தபடியே நின்றது, கால் வலிக்கிற ஆள் மாதிரி.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, என்னையும் சைக்கிளில் வைத்து மிதித்து, அந்தக் கிட்டங்கியில் டீச்சராக இருந்தாள். ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா ஒரு பேச்சு பேசி வைத்திருந்தார். "இந்தப் பள்ளிக்கூடம் நிலைச்சுச்சுன்னா ஒரு வருசம் பொறுப்போம். இல்லையா, சிவகங்கை மாப்பிள்ளை வீட்டுக்குச் சரின்னு சொல்லிருவேன்." சாப்பிடும்போது அவர் இதைச் சொல்வார், ரசம் ஊற்று என்று சொல்கிற அதே குரலில். சித்தி ரசம் ஊற்றுவாள். எனக்கு அதில் மாப்பிள்ளை என்ற சொல் மட்டும் பிடித்திருந்தது. ஜரிகை வைத்த சொல்.

புத்தகம் இல்லை. படம் இல்லை. சாக்பீஸ் கூட எண்ணி எடுத்தது போலத்தான் இருக்கும். ஆகவே சித்தி எங்கள் உடம்புகளை வைத்தே பாடம் நடத்தினாள். எதையும் தயார் செய்யாமல் ஆடுகிற இந்த ஆட்டங்களுக்கு இன்று பயிற்சி வகுப்பே வைத்துச் சொல்லித் தருகிறார்கள். சித்திக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மில்தான் சொல்லித் தந்தது. மில் ஓடும்போது பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் காதில் விழாது. அப்போது வரிசையாக உட்கார்ந்து, முன்னால் இருப்பவர் முதுகில் விரலால் எழுத்துப் போடுவோம். கடைசியில் இருப்பவள் போட்டது முதுகு முதுகாக நகர்ந்து முதலில் இருப்பவளிடம் வர வேண்டும். S பாம்பாக நெளிந்து வரும். O சட்டைக்குள் சிலிர்த்துச் சுருளும். முதுகில் வந்த எழுத்து மறப்பதில்லை. இன்றும் யாராவது பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னால் எனக்கு முதுகுதான் கேட்கிறது.

கரண்டு போனால் மில் நிற்கும். அந்த நிசப்தம் ஒரு பெரிய மிருகம் படுப்பது போல மெல்ல இறங்கும். உடனே ஒருத்தி வெளியே போக, சித்தி தன் வளையலைக் கழற்றி எங்காவது ஒளித்துவைப்பாள். தேடுகிறவள் தூரத்தில் இருந்தால் நாங்கள் "பேங்கிள், பேங்கிள்" என்று மூச்சுக்குள் சொல்வோம். நெருங்க நெருங்கக் குரல் ஏறும். கையில் எடுக்கும்போது களத்தில் காலால் நெல் கிண்டும் பெண்கள் வேலையை நிறுத்தி எட்டிப் பார்க்கிற அளவுக்கு இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஓர் ஆட்டம் இருந்தது. வாட்ச்மேன் ஆணி தராத அன்று மத்தியானமே சித்திக்கு அது தோன்றியிருக்க வேண்டும். பெயர், ஆச்சி ஸேஸ், அதாவது ஆச்சி சொல்றாக. "ஆச்சி ஸேஸ், ஸ்டாண்ட் அப்" என்றால் எழ வேண்டும். "ஆச்சி ஸேஸ், டச் யுவர் நோஸ்" என்றால் மூக்கைத் தொட வேண்டும். ஆச்சி பெயர் இல்லாமல் வெறுமனே "ஸிட் டவுன்" என்றால் அசையக் கூடாது. அசைந்தால் அவுட்.

அசைய வைக்கச் சித்தி படாத பாடு இல்லை. தானே பொத்தென்று உட்காருவாள். "டீச்சருக்குத் தொண்டை வலிக்குதுடா, உக்காருங்கடா" என்று அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். என்னிடம் வந்து குனிந்து, "உனக்கு மட்டும் சொல்றேன், ஆட்டம் முடிஞ்சுபோச்சு, உக்காருடி" என்று காதுக்குள் கிசுகிசுப்பாள். முதல் தடவை நான் நம்பி உட்கார்ந்துவிட்டேன். கிட்டங்கியே சிரித்தது. அதற்கப்புறம் நான் நம்பவில்லை, அவுட்டும் ஆகவில்லை.

ஒரு நாள் ஆச்சியின் மகன் சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மில்லில் அவரைச் சின்னவுக என்பார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் மறுபடி மூட்டை. சித்தி முந்தின வாரமே எங்களிடம் சொல்லிவிட்டாள், "அன்னைக்கு ஒருத்தர் கூட அவுட் ஆகக் கூடாது. ஆயிட்டீங்க, டீச்சர் பேச மாட்டேன்." அவர் முன்னால் மட்டும் ஆச்சி பெயரைச் சொல்லாமல், டீச்சர் ஸேஸ் என்று ஆடிக் காட்டுவதாக இருந்தாள். பெற்ற தாயின் பேரைப் பிள்ளைகள் ஆட்டத்தில் ஏலம் போடுவது மகன் காதில் விழலாமா? அதை எங்களுக்கு அன்று காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

சின்னவுக வருகிறார் என்று மில்லை நிறுத்தியிருந்தார்கள். முதலில் மில்லைப் பார்ப்பார், பதினொரு மணிக்கு மேல்தான் இங்குட்டு வருவார் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். நிசப்தம் கிடைத்ததே என்று சித்தி, புதுப் பெயரைச் சொல்லுமுன், பழையபடியே ஒரு சுற்று ஒத்திகையைத் தொடங்கினாள். "ஆச்சி ஸேஸ், ஸ்டாண்ட் அப்" என்றாள். இருபத்திரண்டு பேரும் எழுந்தோம். அந்த நொடியில் வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைச் சட்டை, பின்னால் வாட்ச்மேன்.

தனக்காகத்தான் எழுந்திருக்கிறோம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் மலர்ந்தது.

"குட் மார்னிங் சில்ரன். ஸிட் டவுன்."

ஒருவரும் உட்காரவில்லை.

அவர் சிரித்தபடி கையைக் கீழே காட்டி, "ஸிட் டவுன், ஸிட் டவுன்" என்றார். கையைக் காட்டுவது சித்தியின் பழைய தந்திரம். எங்களில் சிலருக்குச் சிரிப்பு முட்டியது. உமி வெயிலில் நின்றது, நாங்களும் நின்றோம்.

"என்னம்மா இது, ரெண்டு வார்த்தை கூட வெளங்கலையே?" என்று அவர் சித்தியைப் பார்த்தார்.

வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, உக்காருங்கடா! மொதலாளி சொல்றாகல்ல!"

தமிழிலும் ஏமாந்து பழகியவர்கள் நாங்கள். அசையவில்லை.

சித்தி ஓரடி முன்னால் வந்தாள். "டீச்சர் ஸேஸ், ஸிட் டவுன்" என்றாள். இப்படி ஒரு புதுத் தந்திரமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண், ஐந்து வயதிருக்கும், முழங்கால் மடங்கி உட்காரப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "அவுட் ஆயிருவடி!"

சித்தி என்னைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது, உக்காரு. நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் நடித்ததில்லை. கண்ணில் நீர்கூட வந்திருந்தது. நான் உட்கார்ந்தால் மற்றவர்களும் உட்காருவார்கள் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனாலேயே இன்னும் நிமிர்ந்து நின்றேன்.

"ஆச்சி ஸேஸ்" என்று அவள் சொல்லியிருந்தால் ஒரு மூச்சில் இருபத்திரண்டு பேரும் தரையில் இருந்திருப்போம். அவள் வாய் அதற்காகத் திறந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எதிரே அந்த ஆச்சியின் மகன். திறந்த வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூடிக்கொண்டது.

அவர் என்னிடம் வந்தார். மருக்கொழுந்து சென்ட் வாசனை. இந்தத் தடவை தமிழில், பொறுமையாகத்தான், கேட்டார்.

"நீ சொல்லும்மா. நான் இம்புட்டு தடவை சொல்றேன், ஏன் யாரும் உக்கார மாட்டேங்கிறீக?"

நான் கையைக் கட்டிக்கொண்டு, கேட்ட கேள்விக்கு முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று சித்தி பழக்கியிருந்தபடி, உரக்கச் சொன்னேன்.

"ஆச்சி சொல்லலை, சார்."

வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டார். வாசலில் எட்டிப் பார்த்த களத்துப் பெண்களில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தியது கேட்டது. சின்னவுக முகத்தில் என்னவோ ஒன்று அணைந்தது. அன்று காலையிலேயே மில்லில் அவர் எதை எதை மாற்றச் சொன்னாரோ, எத்தனை பேரிடம் இதே பதிலை வாங்கினாரோ, எனக்கு என்ன தெரியும்? அவர் திரும்பிச் சித்தியிடம், "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீக" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். போய்விட்டார்.

மறுநாள் நாங்கள் போனபோது கிட்டங்கியில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆச்சி சொன்னாகளா?" என்று கேட்டாள் சித்தி.

"இல்ல டீச்சர்." வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சின்னவுக சொல்லிட்டாக. நீங்க ஒரு எட்டு காரைக்குடிக்குப் போயி ஆச்சிகிட்ட நடந்ததைச் சொன்னீகன்னா, ஆச்சி விட மாட்டாக."

சித்தி என்னைத் தூக்கிச் சைக்கிளில் வைத்து வீட்டுப் பக்கம் திருப்பினாள். காரைக்குடிக்குப் போகவே இல்லை.

பள்ளிக்கூடம் என்னாச்சு என்று அப்பா கேட்டார். நடந்ததெல்லாம் வரும் என்று நான் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எத்தனை தந்திரத்துக்கும் ஒருவர்கூட அவுட் ஆகாதது, அந்தச் சின்னப் பெண்ணை நான் காப்பாற்றியது, அவ்வளவு பெரிய ஆளுக்கு முன்னால் நான் ஒருத்தி துணிந்து பதில் சொன்னது.

"பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வரலை, அத்தான்" என்றாள் சித்தி. "எனக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலை."

அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பொய் சொல்கிறாள் என்று எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எழுந்து போய்ச் சுண்டுவிரலை நீட்டிச் சித்தியிடம் காய் விட்டேன்.

சிவகங்கையிலிருந்து வந்து பார்த்தார்கள், பூ வைத்தார்கள், அந்த மாதக் கடைசியிலேயே முகூர்த்தம் கிடைத்தது. சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டாள், நான் பேசவில்லை. புதுப் பாவாடையின் பார்டரை மடித்துத் தைத்துக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டேன், பேசவில்லை. கிளம்பும்போது வேனின் ஜன்னல் வழியாக இரண்டு விரலைச் சேர்த்து நீட்டினாள், பழம் விட்டுவிடு என்று. கழுத்து மாலையில் இருந்து உதிர்ந்த ஓர் இதழ் அந்த விரலில் ஒட்டியிருந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இருக்கட்டும், சாயங்காலம் வருவாளே, அப்போது பார்த்துக்கொள்ளலாம். கலெக்டர் ஆபீஸ், கோர்ட் என்று அப்பா எத்தனையோ தடவை சிவகங்கைக்குப் போயிருக்கிறார். காலை பஸ்ஸுக்குப் போனால் விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவார். எனக்குத் தெரிந்த சிவகங்கை அவ்வளவு தூரம்தான்.