ஸ்வெட்டரில் ஒட்டிய கரி

அது எந்த ஸ்டேஷன்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டெல்லியின் பழைய ரயில் நிலையம் ஒன்றின் வரலாற்றை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள், என் மகளின் பள்ளியில். கீழே இஸ்திரிக்காரர் பெட்டியில் கரியை விசிறியதும், அந்த வாசனையோடு ஒரு மீட்டர்கேஜ் ஸ்டேஷன் எழுந்து வந்தது: தாழ்ந்த பிளாட்பாரமும், குறுகிய தண்டவாளமும், புஸ்ஸென்று நிற்கும் நீராவி எஞ்சினும், அது கிளம்பும்போதெல்லாம் என் பச்சை ஸ்வெட்டரில் ஒட்டும் கரித்தூளும், அதைத் தட்டிவிட்டபடியே நடக்கும் அப்பாவின் கையுமாக.

ஆர்.கே.புரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்து, சின்ன வயதில் என்னை அழைத்துப்போன அந்த ஸ்டேஷன் எது என்று கேட்டேன்.

“மெட்ராஸ் வண்டி புது டெல்லிக்குத்தானேம்மா வரும்? யாராவது கொண்டுவர்ற காப்பிப்பொடியை வாங்க அங்கேதான் போவோம். மீட்டர்கேஜ்ல நமக்கு யார் இருக்காங்க? நீ ஊர்ல பார்த்திருப்பே.”

“ஊர்ல எதுக்குப்பா ஸ்வெட்டர்?”

“அதை உங்கம்மாகிட்ட கேளு,” என்று வைத்துவிட்டார். அம்மாவுக்கும் நினைவில்லை; எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

“ஜல்தி சொல்லும்மா, நாளைக்குக் கொடுக்கணும்,” என்கிறாள் மகள். வரலாறு என்று எழுதப்போகிறாள், தப்பாகிவிட்டால்? அப்பாவை நம்பி விட்டுவிடச் சொல்வதா, ஸ்வெட்டரை நம்பி அது டெல்லி ஸ்டேஷன்தான் என்று எழுதச் சொல்வதா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன்.